மூலையில் ஒரு நாற்காலி

அத்தியாயம் 7

சென்னையில் ஆட்டோ ஏறி "ஐ.சி.எஃப்." என்று சொன்னால் டிரைவர் யோசிக்க மாட்டார். பெரம்பூர் பக்கம், ரயில் பெட்டித் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். 1955-இல் நேரு திறந்துவைத்த இடம் அது. தொழில் தலைவர்களுக்குக் கோச்சிங் தருபவர்களின் உலக அமைப்புக்கும் அதே மூன்றெழுத்துத்தான்: 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம் இருக்கிறது. ரயில் கோச்சும் ஆள் கோச்சும் ஒரே சொல்லில் பிறந்தவை. ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர், குதிரை வண்டி செய்வதில் பேர்போனது. ஊர்ப் பெயரே வண்டிக்கும் பெயராகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட உதவும் தனி ஆசிரியரைக் கேலியாக அந்தப் பெயரால் அழைக்க ஆரம்பித்தார்கள். கேலி போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

வண்டி, ஏறியவரை அவர் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும். எங்கே போக வேண்டும் என்று வண்டி சொல்லாது. கோச் என்றால் யார் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் விளக்கம் இவ்வளவுதான்.

கன்சல்டன்ட் வேறு. உங்கள் துணிக் கழிவு ஏன் இவ்வளவு என்று கேட்டால் அவர் கணக்குப் பார்த்துப் பதிலை எழுதித் தருவார். டிரெயினர் வேறு. எக்செல், மேடைப்பேச்சு என்று ஏதாவது ஒரு வித்தையைக் கற்றுத்தருவார். தொழிலில் மூத்த ஒருவர் "2008-ல நாங்க இப்படித்தான் சமாளிச்சோம்" என்று தன் அனுபவத்தைத் தருவார். அவரை மென்ட்டர் என்கிறார்கள். கோச்சிடம் பதில் இருக்காது. நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார், கேள்வி கேட்பார். இந்த நால்வரும் தேவைப்படும் வேளைகள் உண்டு. ஒருவருக்குக் கட்டணம் கட்டிவிட்டு இன்னொருவரின் வேலையை எதிர்பார்க்கும்போதுதான் பணம் வீணாகிறது. "மூணு மாசமா வர்றார், ஒரு ஐடியாகூட கொடுக்கலை" என்று கோச்சைப் பற்றி முதலாளிகள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். ஓட்டல் ஹாலில் இருநூறு பேரை எழுந்து நின்று கைதட்டச் சொல்பவர். அவரைப் பற்றி இந்த நூலில் வேறெங்கும் எழுதப்போவதில்லை.

முழங்கை

அதுல் கவாண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவை சிகிச்சை மருத்துவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். எழுத்தாளரும்கூட. எட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தார். அவருடைய அறுவை சிகிச்சைகளில் சிக்கல் ஏற்படும் விகிதம் ஆரம்பத்தில் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் குறைவது நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டிய, பெயர் பெற்ற மருத்துவர். எதிரில் நின்று திருத்த இனி யாருமில்லை. பாட்டுக்காரர்களும் டென்னிஸ் வீரர்களும் எவ்வளவு உயரம் போனாலும் கோச்சை விடுவதில்லையே, மருத்துவருக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று யோசித்தார். தனக்குப் பாடம் சொல்லித்தந்த, அப்போது ஓய்வுபெற்றிருந்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற மூத்த மருத்துவரை அழைத்து, ஆபரேஷன் தியேட்டரில் சும்மா நின்று பார்க்கச் சொன்னார்.

முதல் நாள், கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை. நன்றாக முடிந்தது என்றுதான் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீனின் கையில் இருந்த குறிப்பேட்டில் எழுத நிறைய இருந்தது. நோயாளியைப் படுக்கவைத்துத் துணி போர்த்திய விதம் கவாண்டேவுக்கு வசதி, எதிரில் நின்ற உதவியாளருக்கு இடைஞ்சல். அவ்வப்போது கவாண்டேவின் முழங்கை தோள் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது, அந்த உயரத்தில் விரல் நுணுக்கமாக வேலை செய்யாது. மேலே இருந்த விளக்கு மெல்ல நகர்ந்து, கிட்டத்தட்ட அரை மணி நேரம் வெளிச்சம் சரியாக விழவில்லை, அதை அவர் கவனிக்கவே இல்லை. இதையெல்லாம் 2011-இல் 'தி நியூயார்க்கர்' இதழில் கவாண்டே தானே எழுதினார்.

அந்த அறையில் நர்ஸ் இருந்தார், மயக்க மருந்து கொடுப்பவர் இருந்தார், உதவி மருத்துவர் இருந்தார். அவர்கள் பார்க்க வேண்டியது நோயாளியை. கவாண்டேவைப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. பார்த்தவர்கள் இருந்தாலும், "சார், முழங்கையை இறக்குங்க" என்று தலைமை மருத்துவரிடம் யார் சொல்வார்கள்?

இந்தக் கதையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், கோச்சின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை இது துல்லியமாகக் காட்டுகிறது. ஆஸ்டீன் புதிய அறுவை முறை எதையும் கற்றுத்தரவில்லை. ஊக்கமூட்டும் பேச்சும் பேசவில்லை. முழங்கையைப் பார்த்தார்.

முதலாளிக்கும் முழங்கைகள் உண்டு. யாரிடமாவது யோசனை கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் முன் தானே பதிலையும் சொல்லிவிடுவது. அக்கவுன்டன்ட் பேசும்போது மட்டும் போனை எடுத்துப் பார்ப்பது. சூப்பர்வைசரை அவருக்குக் கீழே வேலை செய்யும் டெய்லர்கள் முன்னால் கண்டித்துவிட்டு, பிறகு "என் ஆளுகளை என் சூப்பர்வைசர் கட்டுப்படுத்த மாட்டேங்கிறார்" என்று வருத்தப்படுவது. "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்வது இன்னொன்று. சொன்னவர் மனதில் சம்மதம், கேட்டவர் காதில் மறுப்பு. மூன்று மாதம் கழித்து "ஏன் செய்யலை?" என்று சத்தம். இவற்றில் ஒன்றுகூடப் பெரிய குற்றமில்லை. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. ஆனால் ஆள் விலகுவதும் ஆர்டர் தாமதமாவதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

"நான் ஏதாவது தப்பு பண்றேனா?"

எரிக் ஷ்மிட் 2001-இல் கூகுளின் தலைமை நிர்வாகியாக வந்தார். அதற்கு முன்பே நோவெல் என்ற கம்பெனியின் தலைவராக இருந்தவர். கூகுளில் பணம் போட்டிருந்த ஜான் டோயர் அவரிடம், உங்களுக்கு ஒரு கோச் வேண்டும் என்றார். ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றது. அனுபவப்பட்ட தலைவன் நான், எனக்கு எதற்குக் கோச், நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா என்றுதான் நினைத்தார். அதைப் பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே சிறந்தது அதுதான் என்றும் சொன்னார்.

டோயர் காட்டிய ஆள் பில் கேம்ப்பெல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சாக 1974 முதல் 1979 வரை இருந்தவர். அந்த ஆறு சீசன்களில் 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு டிரா. ராஜினாமா செய்துவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார், அங்கிருந்து கோடாக், 1983-இல் ஆப்பிள், பிறகு இன்ட்யூட் கம்பெனியின் தலைமை நிர்வாகி. மைதானத்தில் தோற்ற கோச், ஸ்டீவ் ஜாப்ஸும் ஷ்மிட்டும் ஆலோசனைக்குத் தேடும் ஆளானார். 2016-இல், 75-ஆம் வயதில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து ஷ்மிட் வேறு இருவரோடு சேர்ந்து அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்: 'ட்ரில்லியன் டாலர் கோச்'. தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நூல் பிடிக்கும்.

கேம்ப்பெல் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அவர் ஷ்மிட்டை மாதம் ஒருமுறை காபி கடையில் சந்தித்துப் பேசிவிட்டுப் போகவில்லை. ஷ்மிட் தன் குழுவோடு நடத்தும் மீட்டிங்குகளில் வந்து உட்கார்ந்தார். யார் பேசவில்லை, யார் முகம் சுருங்கியது, எந்தப் பேச்சு பாதியில் நின்றது என்று பார்த்தார். மீட்டிங்கை வேலைப் பட்டியலோடு தொடங்காமல், யார் எங்கே போய்வந்தீர்கள், வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று பேசித் தொடங்கும் வழக்கமும் அவர் சொல்லி வந்தது. அது வெறும் நலம் விசாரிப்பு என்று தோன்றும். எல்லோரும் ஒருமுறை வாய் திறந்துவிட்டால், பிறகு கஷ்டமான விஷயத்தில் வாய் திறப்பது சுலபம்.

"அவருக்கு என் தொழில் தெரியுமா?"

கோச் என்றதும் நம் ஊர் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி இது. பனியன் கம்பெனி நடத்தத் தெரியாதவர் பனியன் கம்பெனிக்காரனுக்கு என்ன சொல்லிவிட முடியும்?

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில், சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சதுரங்கச் சாம்பியன் ஆனார். அவருடைய குழுவில் இருந்த போலந்து நாட்டு கஜெவ்ஸ்கி கிராண்ட்மாஸ்டர்தான், ஆனால் ரேட்டிங்கில் குகேஷைவிடக் குறைந்தவர். மனப்பயிற்சிக்கு வந்த பேடி அப்டனோ சதுரங்கக்காரரே இல்லை. 2011-இல் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றபோது அந்த அணியோடு இருந்த தென்னாப்பிரிக்கர். எந்தக் காயை நகர்த்துவது என்று அவர் சொல்லப்போவதில்லை. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலை எப்படி மறுபடி பலகை முன் உட்காருவது என்பதில் அவருக்கு வேலை இருந்தது.

ஆகவே, தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. என் சொந்த அபிப்பிராயம், கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, நிறையத் தெரிந்திருந்தால் ஆபத்து. நிறையத் தெரிந்தவர் மூன்றாவது வாரத்திலேயே உங்கள் கம்பெனியை மனதுக்குள் அவர் நடத்த ஆரம்பித்துவிடுவார். ஆனால் வேறு ஏதோ ஒரு தொழிலிலாவது ஆட்களை வைத்து வேலை வாங்கி, சம்பளத் தேதிக்கு முந்தின இரவு தூங்காமல் இருந்தவராக இருக்க வேண்டும். அது இல்லாதவரின் கேள்விகள் புத்தகத்திலிருந்து வரும்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்

கோச்சிங் உரையாடலுக்குப் பல சட்டகங்கள் உண்டு. அதிகம் புழங்குவது க்ரோ என்ற நான்கு படி முறை. கார் பந்தய வீரராக இருந்து இந்தத் துறைக்கு வந்த ஜான் விட்மோர் 1992-இல் எழுதிய நூலால் பரவியது. என்ன வேண்டும், இப்போது என்ன நிலவரம், என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற வரிசை. படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். நேரில் எப்படிப் போகும் என்பதற்குத் திருப்பூரை மனதில் வைத்து ஒரு கற்பனை உரையாடல்:

"இந்த ஒரு மணி நேரத்துல எதைப் பேசினா உங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும் சார்?"

"ஷிப்மென்ட் லேட் ஆகுதுங்க மேடம். மெர்ச்சண்டைசருங்க யாருக்கும் பொறுப்பே இல்லைங்க."

"கடைசியா லேட் ஆன ஆர்டரை எடுத்துக்குவோம். லேட் ஆகும்னு முதல்ல தெரிஞ்சது யாருக்கு?"

"டையிங்ல இருந்து துணி வரலைன்னு அந்த மெர்ச்சண்டைசர் பொண்ணுக்குத் தெரியுங்க."

"எப்போ?"

"பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்குதுங்க."

"உங்களுக்கு?"

"ரெண்டு நாள் முன்னாடி."

"நடுவுல எட்டு நாள். ஏன் சொல்லலை?"

(நீண்ட மௌனம்.)

"போன தடவை ஒரு பையன் வந்து சொன்னானுங்க. எல்லார் முன்னாடியும் கத்தி விட்டுட்டேன்."

"அந்தப் பையன் இப்போ?"

"நின்னுட்டானுங்க."

இந்த இடத்தில் நல்ல கோச் வாயை மூடிக்கொள்வார். அறிவுரை சொல்ல நாக்கு துறுதுறுக்கும் இடம் இது. சொல்லிவிட்டால் முதலாளிக்கு எதிர்வாதம் செய்ய ஒரு ஆள் கிடைத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து:

"என்ன செய்யலாம்னு தோணுது?"

"இனிமே முதல்ல வந்து சொல்றவங்களைத் திட்ட மாட்டேன்னு மீட்டிங்ல சொல்லிடறேனுங்க."

"சொன்னா நம்புவாங்களா?"

(சிரிப்பு.) "நம்ப மாட்டாங்க. அடுத்து வந்து சொல்ற ஆளை நான் என்ன பண்றேன்னு பாத்துட்டுத்தான் நம்புவாங்க."

"வேற வழி?"

"வியாழக்கிழமை பத்து நிமிஷம். எந்த ஆர்டர் லேட் ஆகப் போகுதுன்னு மட்டும் கேக்கறேன். எழுதிக்கறேன். அன்னைக்கு வேற எதுவும் பேசறதில்லை."

"எந்த வியாழக்கிழமையிலிருந்து?"

"வர்ற வியாழக்கிழமையிலிருந்தேங்க."

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். தேதி வாங்காமல் முடியும் கோச்சிங் அரட்டையில் சேர்த்தி. அடுத்த சந்திப்பின் முதல் கேள்வி "வியாழக்கிழமை நடந்ததா?" என்பதாக இருக்க வேண்டும். நடந்ததா என்று பார்க்கக் கோச் நேரிலேயே வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. போன மாதம்வரை இன்ஷூரன்ஸ் விற்றவர் இந்த மாதம் லீடர்ஷிப் கோச் ஆகலாம். அதனால் மேலே சொன்ன ஐ.சி.எஃப். அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. அதில் மூன்று நிலைகள்: குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்தவருக்கு ஏ.சி.சி., 500 மணி நேரத்துக்குப் பி.சி.சி., 2,500 மணி நேரத்துக்கு எம்.சி.சி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் இருந்தால் அவர் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர் என்று தெரியும். உங்களுக்கு ஒத்துவருவாரா என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பணம் கட்டும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது. பேசும்போது உங்கள் பிரச்சினை ஒன்றை நிஜமாகவே எடுத்து வையுங்கள். பேசி முடித்து வெளியே வந்ததும் யோசித்துப் பாருங்கள்: யார் அதிகம் பேசினார்கள்? அவர் என்றால் வேண்டாம். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களைப் பற்றிப் பெயரோடு கதை சொன்னாரா? உறுதியாக வேண்டாம். உங்கள் கதை அடுத்த கம்பெனியில் சொல்லப்படும். ஒரு கேள்வியாவது உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியதா? அப்படியென்றால் இரண்டாவது முறையும் போய்ப் பாருங்கள்.

யார் பணம், யார் ரகசியம்

குடும்பத் தொழிலில் கோச்சிங் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில். எனவே இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அப்பா ஆரம்பித்த கம்பெனி. மகன் வெளியூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து இரண்டாவது கேபினில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா, மகனுக்காக ஒரு கோச்சை ஏற்பாடு செய்து பணமும் கட்டுகிறார். இரண்டு சந்திப்பு முடிகிறது. மூன்றாவது வாரம் கோச்சுக்குப் போன் வருகிறது: "தம்பி என்னங்க சொல்றான்? யூனிட்டைப் பிரிச்சுக் கேக்கறானா?"

அப்பா கேட்பதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஊரில் யாருக்குப் பணம் கட்டினாலும் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பது வழக்கம்தானே. ஆனால் கோச் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றோடு எல்லாம் முடிந்தது. அந்த வார்த்தை சாப்பாட்டு மேஜையில் திரும்பி வரும். மகன் அடுத்த சந்திப்பில் வானிலை பற்றிப் பேசுவார். கட்டிய பணம் போனது ஒருபுறம், இனி எந்தக் கோச்சையும் அந்தப் பையன் நம்ப மாட்டார் என்பது பெரிய நஷ்டம்.

ஆகவே தொடங்கும் முன் மூவரும் சேர்ந்து ஒருமுறை உட்காருங்கள். பணம் கட்டுபவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தெரியக்கூடியவை: எந்த இலக்குக்காக வேலை நடக்கிறது, சந்திப்புகள் நடந்தனவா இல்லையா. அறைக்குள் பேசியது தெரியக்கூடாது. மகனே விரும்பினால் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளட்டும். கம்பெனி செலவில் ஒரு மேனேஜருக்குக் கோச் வைத்தாலும் இதே ஏற்பாடுதான். அதே தாளில் எத்தனை சந்திப்பு, ஒத்துவராவிட்டால் எப்படி நிறுத்துவது, உங்கள் போட்டிக் கம்பெனிக்கும் அவரே கோச்சாக இருக்கலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். கோச் உங்களுக்குச் சாஃப்ட்வேரோ ஆட்களோ சிபாரிசு செய்து கமிஷன் வாங்கக் கூடாது என்ற வரியையும் சேருங்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுபவர் நல்லவர்.

கட்டணம் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக மாறும், சந்தை விலை என்று ஒன்றில்லை. பதிவு பெற்றவர் என்றால் 18% ஜி.எஸ்.டி. சேரும், பில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை நியாயமா என்று பார்க்க நான் சொல்லும் அளவுகோல் வேறு. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கை, தாமதத்தால் விமானத்தில் ஏற்றினால் அந்த பில் யார் தலையில் விழும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடந்த இரண்டு ஆண்டில் அப்படி வந்த பில்களை எடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன முக்கியமான ஆட்களின் பெயர்களை எழுதி, அந்த இடத்தை நிரப்ப ஆன மாதங்களைக் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன எட்டு நாள் மௌனம் இவற்றில் எத்தனைக்குக் காரணம் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொகையோடு கோச் கேட்கும் தொகையை ஒப்பிடுங்கள்.

பலன் இருந்ததா என்று யார் சொல்வது?

கோச்சிங் எடுத்தவரைக் கேட்டால் அனேகமாக "ரொம்ப நல்லா இருந்தது" என்பார். வாரம் ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே ஒருவர் அக்கறையாகக் கேட்டால் யாருக்குத்தான் நன்றாக இருக்காது. அது சாட்சியம் ஆகாது.

அமெரிக்காவின் மார்ஷல் கோல்ட்ஸ்மித் இதற்கு ஒரு வழி கண்டார். பெரிய கம்பெனிகளின் தலைவர்களுக்குக் கோச்சாக இருக்கும் அவர், தலைவர் மாறியிருக்கிறாரா என்று தலைவரைக் கேட்பதில்லை. சுற்றி வேலை செய்பவர்களைக் கேட்கிறார். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து அவர்கள் "ஆமாம், மாறியிருக்கிறார்" என்று சொன்னால்தான் கட்டணம். இல்லாவிட்டால் காசு வேண்டாம். எல்லாக் கோச்சும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கட்டணத்தை அப்படி வைக்காவிட்டாலும் அளவீட்டை அப்படி வையுங்கள். தொடங்கும்போது உங்களோடு நெருங்கி வேலை செய்யும் ஆறு பேரிடம் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லி, "இதை மாத்தப் போறேன், ஆறு மாசம் கழிச்சு உங்களைக் கேப்பாங்க" என்று அறிவித்துவிடுங்கள். கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது, கோச்சாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் பதில் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 2015-இல் ரெபெக்கா ஜோன்ஸ் உள்ளிட்ட மூன்று பேர், வேலையிடக் கோச்சிங் பற்றி அதுவரை வந்திருந்த 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இருக்கிறது என்றுதான் வந்தது. ஆனால் கோச்சிங் விற்பவர்கள் விளம்பரத்தில் போடாத சில முடிவுகளும் அதில் உண்டு. எத்தனை சந்திப்பு, எத்தனை மாதம் என்பது பலனை மாற்றவில்லை. நேரில் மட்டும் சந்தித்தாலும், நேரிலும் ஆன்லைனிலுமாகச் சேர்த்துச் செய்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த கோச்சைவிட, கம்பெனிக்கு உள்ளேயே இருந்த கோச்சால் பலன் அதிகமாக இருந்தது. பதினேழு ஆய்வை வைத்துச் சாசனம் எழுத முடியாது. ஆனாலும் ஓராண்டுப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லி, முதலில் நான்கு சந்திப்புக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

கோச் வேண்டாத இடங்கள்

வங்கி வட்டி கட்டப் பணமில்லை என்றால் ஆடிட்டரிடம் போங்கள். ஆர்டரே இல்லை என்றால் சந்தைக்குப் போங்கள். ஒரு மேனேஜரை அனுப்பிவிடுவது என்று மனதில் முடிவெடுத்துவிட்டு, "கோச்செல்லாம் வச்சுப் பாத்தோம், திருந்தலை" என்று ஃபைலில் காட்டுவதற்காக அவருக்குக் கோச் வைக்காதீர்கள். அது இருவருக்கும் அவமானம். தூக்கமின்மை, வெறுமை, வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு இருந்தால் கோச்சிடம் போவது தவறு. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

காசு இல்லாதவர்களுக்கு

இருபது, முப்பது பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு மேலே சொன்னதெல்லாம் எட்டாத காரியமாகத் தோன்றலாம். ஆஸ்டீனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தொழில்முறைக் கோச் இல்லை, ஓய்வுபெற்ற மருத்துவர். கோவையிலும் ராஜபாளையத்திலும் ஓய்வுபெற்ற மில் மேனேஜர்கள் காலை நடைப்பயிற்சி முடிந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்கள், தலைமை ஆசிரியைகள், தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்கள். உங்களிடம் சம்பளம் வாங்காதவர், உங்களுக்குச் சரக்கு விற்காதவர், உங்கள் சொத்தில் பங்கில்லாதவர் என்ற மூன்றும் பொருந்தினால் போதும். மைத்துனர் வேண்டாம்.

அப்படி ஒருவரை அழைத்து, நான்கு வாரம் திங்கட்கிழமை மீட்டிங்கில் வந்து உட்காரச் சொல்லுங்கள். "இவர் என்னைப் பாக்க வந்திருக்கார், உங்களை இல்லை" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வேவு பார்க்க வந்தவர் என்று நினைப்பார்கள். அவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், யாரை எத்தனை முறை இடைமறித்தீர்கள், யார் கடைசிவரை பேசவே இல்லை என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். கருத்து வேண்டாம், கணக்குப் போதும். முதல் வாரம் நீங்கள் வழக்கத்தைவிட நல்லவராக நடந்துகொள்வீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து மறந்துவிடுவீர்கள். அந்த மூன்று வாரக் குறிப்புத்தான் உண்மையானது.

நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போடாதீர்கள், மூலையில் போடுங்கள். டீ கொடுங்கள். மீட்டிங் முடிந்ததும் அவரை வாசல்வரை கொண்டுவிட நீங்களே போங்கள். அந்த நடையில் அவர் நோட்டைப் பிரித்துச் சொல்வதை, கேட் வரும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.